கட்டியவனே அவிழ்க்க வேண்டும்

ஜூன் 9

தம்பிக்கு,

உன் கடிதம் வந்தது. பிரிக்காமல் திருப்பி அனுப்பிவிடலாம் என்று இரண்டு நாள் அலமாரி மேலேயே போட்டு வைத்திருந்தேன். பிறகு பிரித்தேன். ஆறு வரிக்குள் நாலு தடவை 'மன்னிச்சிடு' என்று எழுதியிருக்கிறாய். ஆணி வாங்குவது போல மன்னிப்பைக் கிலோ கணக்கில் அனுப்பினால் இங்கே எதுவும் நிமிர்ந்துவிடாது.

நீ கேட்டதற்குப் பதில் சொல்கிறேன். உன் அத்தான் உயிரோடு இருக்கிறார். இடுப்பெலும்பு மூன்று இடத்தில் உடைந்து, உள்ளே தகடும் திருகும் வைத்திருக்கிறார்கள். "பழைய சாஸிக்கு இதையேதான் நாங்களும் செய்வோம்"னு டாக்டரிடமே சொன்னார். இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை. சிறுநீர் குழாய் வழியாகப் பையில் இறங்குகிறது. அதை ஒரு நாளைக்கு நாலு முறை நான் காலி செய்கிறேன். நான் சீட் தைக்கிற அறையில் மெஷினை ஒரு மூலைக்குத் தள்ளிவிட்டு, ஜன்னல் ஓரமாகக் கட்டில் போட்டிருக்கிறேன். படுத்தபடியே முற்றமும் கேட்டும் தெரியும். மூக்கனும் தெரியும். நாம் புதுப்பித்துக்கொண்டிருந்த அந்த லாரியை இன்னும் யாரும் நகர்த்தவில்லை. ஆள் வைத்துச் சக்கரத்துக்கு எட்டுக் கட்டை போட்டிருக்கிறேன்.

நடந்ததை நீ புதிதாக விளக்க வேண்டாம். பதினாலு வருஷமாக நம் பட்டறையில் ஒரே ஒரு சட்டம்தான். பிரேக்கில் காற்று இல்லாத லாரியின் பின் சக்கரத்தை ஸ்பிரிங் இறுக்கிப் பிடித்திருக்கும். அதை இழுத்து நகர்த்த வேண்டுமென்றால் போல்ட் போட்டு ஸ்பிரிங்கைக் கட்ட வேண்டும். கட்டிவிட்டால் பிரேக் செத்த பிரேக். அதனால் போல்ட் போட்டவன் கைப்பிரேக்கில் சிவப்புத் துணி கட்ட வேண்டும், கட்டியவனேதான் அவிழ்க்க வேண்டும். அன்று மூக்கனுக்குப் போல்ட் போட்டு ஷெட்டிலிருந்து முற்றத்துக்கு இழுத்தவன் நீ. கட்டை வைத்துவிட்டுக் காற்றுக்குழாய் வாங்கப் போனாய். முலாம் பூசக் கொடுத்த கிரில்லோடு அவர் திரும்பி வந்து கேபினுக்குள் எட்டிப் பார்த்தார். துணி இல்லை. சரி, பிரேக் பிடித்திருக்கிறது என்று நம்பி, நிற்க இடைஞ்சலாக இருந்த கட்டையை எடுத்துப் போட்டுவிட்டு, சுவருக்கும் வண்டிக்கும் நடுவே நின்றுகொண்டு கிரில்லைப் பொருத்தினார். வண்டி உருண்டு அவரைச் சுவரோடு வைத்து நசுக்கியது.

விசாரணைக்கு வந்தவரிடம் நீயே உன் வாயால் சொன்னாய், "துணி கட்ட மறந்துட்டேன்"னு. எல்லோரும் கேட்டார்கள். மறுநாளே பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாய். போனது போனதாகவே இருக்கட்டும். இங்கே வராதே. பட்டறை போனைத் துண்டித்துவிட்டேன். எழுதினால் படிப்பேன், அவ்வளவுதான்.

அக்கா

*

ஜூன் 21

அக்கா,

நீ பதில் போட்டதே பெரிது.

இங்கே கல் குவாரியில் வேலை. பாறை அள்ளுகிற வண்டிகளைப் பழுது பார்க்கிறோம். எட்டுப் பேருக்கு ஒரு தகரக் கொட்டகை. சாயங்காலம் பார்த்தால் இருபது வயதுப் பையனுக்கும் தலை நரைத்திருக்கும், எல்லாம் கல் தூசிதான். எனக்கு இங்கே 'முடிச்சு' என்று பெயர் வைத்துவிட்டார்கள். எந்த வண்டியைத் தொட்டாலும் முதலில் ஒரு துணியைக் கட்டிவிட்டு, நாலு தடவை போய் இழுத்துப் பார்க்கிறேனாம். "ஏம்பா, துணி கட்டுறியா, இல்ல மலைப்பாம்பைக் கட்டிப் போடுறியா?" என்று மேஸ்திரி கேட்கிறார். நானும் சேர்ந்து சிரித்துவிடுவேன். வேறென்ன செய்வது?

அக்கா, ஒன்றே ஒன்றுதான் கேட்கிறேன். அத்தானை ஒரு தடவை பார்க்க வேண்டும். அரை மணி நேரம் போதும். அவர் பேச வேண்டாம். திட்டினால் வாங்கிக்கொள்கிறேன். ஸ்பேனரை எடுத்து அடித்தால் தலையைக் குனிந்து கொடுக்கிறேன். பதினாலு வருஷம் ஒரே லாரிக்கு அடியில் முகத்துக்கு முகம் பார்த்துப் படுத்துக் கிடந்தோம். மூக்கனை முதல்முதலில் இழுத்து வந்தபோது அதன் ரேடியேட்டருக்குள் எலிக் குடும்பம், பின்னால் மரம் ஏற்றுகிற இடத்தில் உண்மையாகவே ஒரு மரம். "மச்சான், இது லாரி இல்ல, தோட்டம். தண்ணி ஊத்து"ன்னார். அந்த மனுஷனுக்கு ஒரு வாய்த் தண்ணீர்கூட நான் கொடுக்கவில்லை. ஆம்புலன்ஸ் வரும்வரை நீதான் தலையைப் பிடித்துக்கொண்டிருந்தாய். நான் சுவர் ஓரமாக நின்றேன்.

விசாரணையில் சொன்னதை எங்கே, யார் கேட்டாலும் அப்படியேதான் சொல்வேன். அதில் மாற்றம் இருக்காது. நீ அதை நினைத்துக் கவலைப்படாதே.

வரச் சொல்லு அக்கா.

தம்பி

*

ஜூலை 5

தம்பிக்கு,

நான் எதற்குக் கவலைப்பட வேண்டும்? என் கவலையெல்லாம் கட்டிலில் கிடக்கிறது.

வர வேண்டாம். உன் பெயரை எடுத்தாலே முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொள்கிறார். ஒரு நாள் நானே கேட்டேன், தம்பி வரட்டுமா என்று. "அவன் மூஞ்சில முழிக்க எனக்குத் தெம்பில்ல"ன்னார். இதற்கு மேல் நான் என்ன எழுத?

முதுகில் புண் வந்துவிட்டது. படுத்தே கிடப்பவர்களுக்கு வருமாம். என் உள்ளங்கை அகலம் இருக்கும், உள்ளே ஆழம் எவ்வளவு என்று நர்ஸ் சொல்லவில்லை. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை புரட்டிப் போடுகிறேன். நான் ரெக்ஸினையும் கயிற்றையும் இழுத்துப் பழகியவள், கையில் பலம் இருக்கிறது. இருந்தும் சில நாள் அவரைப் புரட்டிவிட்டு அந்தக் கட்டில் காலிலேயே சாய்ந்து உட்கார்ந்துவிடுகிறேன். நேற்றிலிருந்து காய்ச்சல் வேறு.

ஒரு விஷயம் தெரிய வேண்டும். மூக்கனின் பின் ஆக்சிலில் இடது பக்கப் பேரிங்குக்கு மெல்லிய தகடு எத்தனை வைத்தாய்? மூன்றா, நாலா? நாலாவது தகட்டைக் கழற்றி ஓட்டிப் பார்த்தாயா, பார்க்கவில்லையா? இதற்கு மட்டும் சுருக்கமாகப் பதில் எழுது.

அக்கா

*

ஜூலை 14

அக்கா,

மூன்று. நாலாவதைக் கழற்றிவிட்டேன். ஓட்டிப் பார்க்கவில்லை, கையால் சுற்றித்தான் பார்த்தேன். சத்தம் இல்லை.

ஆனால் அக்கா, இது நீ கேட்கிற கேள்வியே இல்லை! சீட்டு, மேற்கூரை, கதவுத் துணி என்றால் உன்னை மிஞ்ச ஆள் கிடையாது. பேரிங் தகட்டை நீ எந்தக் காலத்தில் எண்ணினாய்? அந்த நாலாவது தகட்டுக்காக நானும் அத்தானும் மூன்று நாள் பேசாமல் இருந்தோம், ஞாபகம் இருக்கிறதா? 'உப்பு வேணும்னு அவன்கிட்ட சொல்லு' என்று உன்னை நடுவில் வைத்துப் பேசினோமே. இதை அவர்தான் கேட்கச் சொல்லியிருக்கிறார். இல்லை என்று மட்டும் சொல்லாதே.

அப்படியானால் அவர் என்னிடம் பேச ஆரம்பித்துவிட்டார் என்றுதானே அர்த்தம்? கடிதத்தைப் படித்துவிட்டு வெளியே வந்து குவாரி விளிம்பில் ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். அழுதேன் என்று எழுத வெட்கமாக இருக்கிறது. அழுதேன்.

இதை அவருக்கு வாசித்துக் காட்டு: "அத்தான், நீங்க சொன்னதுதான் சரி. மூணுதான். தோத்துட்டேன், போதுமா?"

காய்ச்சல் இறங்கியதா? நான் எந்தத் தேதியில் வரலாம்?

தம்பி

*

ஆகஸ்ட் 2

தம்பிக்கு,

கனவு காணாதே. லாரியின் ஓனர் வேறு மெக்கானிக்கை அனுப்பினார். அந்த ஆள் கேட்டான், நான் உன்னைக் கேட்டேன். சும்மா இருக்கிற சங்கை நீ ஊத வேண்டாம்.

உன் வேடிக்கையை நான் வாசித்துக் காட்டவில்லை. புண்ணுக்கு மருந்து வைக்கும்போது அவர் கட்டில் கம்பியைப் பிடிக்கிற பிடியைப் பார்த்திருந்தால் உனக்கு வேடிக்கை எழுதக் கை வந்திருக்காது. காய்ச்சல் வருகிறது, போகிறது, மறுபடி வருகிறது. டாக்டர் இப்போதெல்லாம் என் முகத்தைப் பார்த்துப் பேசுவதில்லை.

வந்தால் கேட்டைத் திறக்க மாட்டேன். தெருவில் நின்று ஊர் கூட்டாதே. அவரை நிம்மதியாக விடு. அவர் கேட்பது அது ஒன்றுதான்.

அக்கா

*

ஆகஸ்ட் 20

அக்கா,

நீ வராதே என்று எழுதிய பிறகும் வந்தேன். திங்கட்கிழமை. சொல்லாமல் இருக்க முடியவில்லை.

விடிந்து கொஞ்ச நேரத்தில் பஸ்ஸை விட்டு இறங்கினேன். வெல்டர் கடை பூட்டியிருந்தது. அதன் தூண் ஓரம் நின்றேன். உங்கள் ஜன்னல் திறந்திருந்தது. நீ அவர் தலையைத் துவட்டிக்கொண்டிருந்தாய். தோள் எப்படி இருக்கும் அவருக்கு! ஸ்டெப்னி டயரைத் தனியாகத் தூக்கியவர். சட்டைக்குள் ஆள் இல்லாதது போல இருந்தது. மூக்கன் போனட் மேலே இலை மக்கிக் கிடந்தது.

தெருவைக் கடந்தால் முப்பது அடி. கேட்டில் பூட்டுகூட இல்லை. அப்போது அவர் தலை கேட் பக்கம் திரும்பியது. சட்டென்று தூணுக்குப் பின்னால் மறைந்துகொண்டேன். அவர் என்னைப் பார்த்து, நீ எழுதியது போலச் சுவர் பக்கம் முகத்தைத் திருப்பினால் என்னால் தாங்க முடியாது அக்கா. அந்த ஒரு பயம்தான். எண்ணூறு கிலோ என்ஜின் தலைக்கு மேலே சங்கிலியில் ஆடும்போதுகூட நான் நகர்ந்தவன் இல்லை.

பிறகு அடுத்த பஸ்ஸில் ஏறிவிட்டேன்.

அவர் மனம் மாறினால், ஒரு வார்த்தை, ஒரே வார்த்தை எழுது. வேலையைப் போட்டுவிட்டு வருகிறேன்.

தம்பி

*

செப்டம்பர் 6

தம்பிக்கு,

இரண்டாம் தேதி மத்தியானம் அவர் போய்விட்டார். காய்ச்சல் தலைக்கு ஏறி இரண்டு நாள் நினைவில்லை. எல்லாக் காரியமும் முடிந்துவிட்டது. வெல்டரும் ஓனரும் இன்னும் ஏழெட்டுப் பேரும் வந்திருந்தார்கள்.

உனக்கு முன்பே தெரிவிக்கவில்லை.

அக்கா

*

செப்டம்பர் 27

தம்பி,

மூன்று வாரமாக உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. திட்டியாவது எழுதுவாய் என்று தபால்காரரைத் தெருமுனையிலேயே போய்ப் பார்க்கிறேன். நான் எழுதுகிறேன். நிறுத்தாமல் எழுதிவிட்டால்தான் எழுத முடியும்.

நீ துணி கட்டியிருந்தாய்.

இரண்டு முடிச்சு. கைப்பிரேக் கைப்பிடியில். அதை அவிழ்த்தவள் நான்.

மறுநாள் காலையில் ஓனர் போட்டோகிராபரோடு வருவதாகச் சொல்லியிருந்தார். நான் கேபினுக்குள் புதுச் சீட்டைப் பொருத்தி முடித்தேன். சந்தன நிற ரெக்ஸின், வெள்ளை நூலில் தையல். என் கையால் அவ்வளவு நேர்த்தியாக எதையும் தைத்ததில்லை. அதற்குப் பக்கத்தில் உன் துணி, பல வருஷ எண்ணெயும் கரியுமாக, அடுப்படிக் கந்தல் மாதிரித் தொங்கியது. சீட்டில் பட்டால் கறை. போட்டோவில் விழுந்தால் அசிங்கம். அவிழ்த்தேன். சும்மா விட்டுவிட நினைக்கவில்லை, நம்பு. சட்டம் எனக்கும் தெரியும். புதுச் சிவப்புத் துணி ஒன்றைக் கட்டிவிடலாம் என்று அறைக்குப் போய் ஒரு துண்டு வெட்டினேன். வெட்டியதை அப்படியே கொண்டு போய்க் கட்டியிருக்கலாம். ஓரத்தில் நூல் பிரிந்து நின்றது. இரண்டு நிமிஷ வேலைதானே என்று மெஷினில் வைத்து ஓரம் மடித்துத் தைக்க உட்கார்ந்தேன். மூன்று பக்கம் தைத்தாகிவிட்டது. நாலாவது பக்கத்தில் சத்தம் கேட்டது.

அவர் வந்ததே எனக்குத் தெரியாது. மெஷின் சத்தத்தில் கேட்கவில்லை.

நீ குழாயோடு ஓடி வந்தாய். கூட்டத்துக்கு நடுவே நின்று, "நான்தான் துணி கட்டல, மறந்துட்டேன்"னாய். நீ ஏன் அப்படிச் சொன்னாய் என்று நான் கேட்கவே இல்லை. பதற்றத்தில் கட்டவில்லை என்று நீயே நம்பிவிட்டாய் போல என்று நினைத்துக்கொண்டேன். அப்படி நினைப்பது எனக்கு வசதியாக இருந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்து மெஷினில் அந்தத் துணியைத் தேடினேன், காணவில்லை. நான்தான் எங்கேயோ எறிந்திருக்கிறேன், நினைவில்லை.

இன்னும் இருக்கிறது.

அவர் ஒரு நாளும் முகத்தைத் திருப்பவில்லை. தினமும் உன்னைக் கேட்டார். "மச்சான் எப்ப வர்றான்? நான் ஒண்ணும் கேக்க மாட்டேன்னு எழுது. அவன் மறக்கிற ஆளே இல்ல, எங்கயோ எதுவோ இடிக்குது. வரட்டும், உட்கார்ந்து பேசினா தெரிஞ்சிடும்"னார். அந்தத் தகட்டுக் கேள்வி அவருடையதுதான். உன் பதிலை வாசித்துக் காட்டினேன். சிரித்துச் சிரித்து இருமல் வந்துவிட்டது. வாசிக்கவில்லை என்று உனக்குப் பொய் எழுதினேன். நீ எப்போது வருவாய் என்று கேட்டபோதெல்லாம், அவனுக்கு வர மனசில்லையாம் என்று அவரிடம் பொய் சொன்னேன்.

நீ வந்தால் அவர் கேட்பார், நீ சொல்லிவிடுவாய் என்று பயம். உனக்கு அவரிடம் பொய் சொல்ல வராது. என்ன நடந்தது என்று இரண்டு பேரும் ஒரு கப் டீக்குள் கண்டுபிடித்துவிடுவீர்கள். நாலு மாதம் அவர் மலத்தையும் புண்ணையும் துடைத்தது இந்தக் கைதான். இந்தக் கைதான் துணியை அவிழ்த்தது என்று தெரிந்த பிறகு, நான் தொடும்போது அவர் என்ன முகம் காட்டுவார்? அதைப் பார்க்க எனக்குத் துணிச்சல் இல்லை தம்பி.

அந்தத் திங்கட்கிழமை அவர் உன்னைப் பார்த்தார். தூண் பக்கம் கையைக் காட்டி, "ஏய், மச்சான் நிக்கிறான் பாரு, கூப்பிடு"ன்னார். நான் திரும்பிப் பார்த்தபோது யாரும் இல்லை. காய்ச்சல், ஏதோ தோணுது உங்களுக்கு என்று சொன்னேன். அப்புறம் உன் கடிதம் வந்தது. அப்போதும் அவருக்கு நினைவு தெளிவாகவே இருந்தது. இன்னும் பத்து நாள் இருந்தது. அதையும் நான் அவரிடம் சொல்லவில்லை.

விசாரணைக்காரரிடம் போய் எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்துவிடுகிறேன். உன் பெயரில் இனி ஒரு பழியும் இருக்காது. நீ வந்துவிடு. மூக்கனை முடித்துக் கொடு, இல்லை உடைத்துப் போடு, உன் இஷ்டம். இந்தப் பட்டறையில் என்னால் தனி ஒருத்தியாக இருக்க முடியவில்லை. அம்மா போன பிறகு எனக்கு நீ, உனக்கு நான் என்றுதானே இருந்தோம்?

அக்கா

*

அக்டோபர் 12

அக்கா,

உன் கடிதத்தைப் பத்து நாளாகச் சட்டைப் பையில் வைத்திருக்கிறேன்.

துணியை நீ எறியவில்லை. நான் எடுத்தேன். அன்று ஆம்புலன்ஸுக்குப் போன் பண்ண உன் அறைக்குள்தான் ஓடினேன். மெஷின் ஊசிக்கு அடியில் சிவப்புத் துணி, மூன்று பக்கம் தைத்தது. கீழே வாளியில் என் பழைய துணி. பார்த்த மாத்திரத்தில் எல்லாம் விளங்கிவிட்டது. நூலை அறுத்து இரண்டையும் பைக்குள் திணித்துக்கொண்டு வெளியே வந்தேன். வந்துதான் நான் மறந்துவிட்டேன் என்று சொன்னேன். நீ தாங்க மாட்டாய் என்று நினைத்தேன். நான் தனிக்கட்டை, பழி என்னோடு போகட்டும். உனக்கு அவரைப் பார்த்துக்கொள்ளும் வேலை இருந்தது.

அதற்காக உன் மேல் எனக்கு ஒரு நாளும் கோபம் வந்ததில்லை. கை தவறாத ஆள் பட்டறையில் யார்? அத்தானுக்குத் தெரிந்திருந்தால் ஒரு நாள் கத்தியிருப்பார், மறுநாள் உன் கையாலேயே தண்ணீர் வாங்கிக் குடித்திருப்பார். பதினாலு வருஷம் அவரோடு லாரிக்கு அடியில் கிடந்த எனக்குத் தெரிந்தது, உனக்குத் தெரியவில்லை. நான் வந்திருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன். அவரிடம் எனக்குப் பொய் வராது என்கிறாய். உனக்காக வந்திருக்கும்.

துணியை அவிழ்த்தது இரண்டு நிமிஷத் தவறு. நீ எனக்கு எழுதிய கடிதங்கள் அப்படி இல்லை. ஒவ்வொன்றையும் உட்கார்ந்து, யோசித்து, உறை ஒட்டி, தபால்பெட்டி வரை நடந்து போய்ப் போட்டிருக்கிறாய்.

விசாரணைக்காரரிடம் போகாதே. அவர் ஏட்டில் என் பெயரே இருக்கட்டும். எனக்கு அதில் இனிமேல் ஒரு குறையும் இல்லை. மூக்கனை ஓனரே இழுத்துக்கொண்டு போகட்டும். போல்ட் நாலும் பின் சக்கரத்தில் அப்படியே இருக்கிறது என்று மறக்காமல் சொல்லிவிடு.

நான் வர மாட்டேன். நீ எனக்கு அக்கா இல்லை என்று எழுதத்தான் காகிதம் எடுத்தேன். எழுத வரவில்லை. ஆனாலும் வர மாட்டேன்.

வராததை அவர் எப்படி எடுத்துக்கொண்டிருப்பார் என்று இத்தனை நாளும் நினைத்ததுண்டு. என் மேல் கோபம் இருந்தாலும், மச்சானுக்கு வெட்கம், பயம், அதனால் வரவில்லை என்று சமாதானப்பட்டிருப்பார் என்று ஒரு ஆறுதல் இருந்தது. இப்போது அதுவும் இல்லை. வந்தேன். அவர் பார்த்தார், கூப்பிடச் சொன்னார். நான் தூணுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு, பஸ் ஏறிப் போய்விட்டேன். கடைசியாக அவர் என்னைப் பற்றி அறிந்தது அவ்வளவுதான். அதை நான் இனி யாரிடம் போய் விளக்குவது?

தம்பி